பில் புத்தகத்தில் தெரியும் முதலாளி

சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அச்சகம், தையல் யூனிட், மரவேலைப் பட்டறை, ஏசி பழுது பார்ப்பவர்கள், இரண்டே பேர் உட்கார்ந்து நடத்தும் டிசைன் அலுவலகம் என்று பலதரப்பட்டவர்களின் நோட்டுகள் என் மேஜைக்கு வந்து போயிருக்கின்றன. புதிதாக ஒருவர் கணக்கை ஒப்படைத்தால் நான் முதலில் லாப நட்டத்தைப் பார்ப்பதில்லை. டெலிவரி சலானையும் பில் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துத் தேதிகளைப் பார்ப்பேன். சரக்கு போன அன்றே, மிஞ்சிப்போனால் மறுநாள், பில் போட்டிருந்தால் பாதி கவலை தீர்ந்தது. சரக்கு மூன்றாம் தேதி போயிருக்கிறது, பில்லை இருபத்தெட்டாம் தேதி மொத்தமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்றால் அந்தத் தொழிலில் பணம் எங்கே சிக்கியிருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

வாடிக்கையாளர் முப்பது நாள் தவணை என்று சொல்லியிருப்பார். அந்த முப்பது நாள் பில் தேதியிலிருந்துதான் ஓடும். ஆக, யாரும் கேட்காமலேயே இவர் இன்னும் இருபத்தைந்து நாள் கடன் கொடுத்திருக்கிறார். அதற்கு வட்டியும் இல்லை, நன்றியும் இல்லை. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டால் யாரும் 'தெரியாது' என்று சொன்னதில்லை. "தெரியும்மா, நேரம் கிடைக்கலை" என்பார்கள்.

இந்தத் 'தெரியும்மா' என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று உறைத்தது. சிறு தொழிலில் திணறுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. கடன் கொடுத்தால் வசூலிக்க வேண்டும், வீட்டுப் பணத்தையும் தொழில் பணத்தையும் கலக்கக் கூடாது, அடக்க விலைக்குக் கீழே விற்கக் கூடாது. இதெல்லாம் யாருக்குத்தான் தெரியாது? தெரிந்த ஒன்று, அலுப்பாக இருக்கும் நாளிலும் கூச்சமாக இருக்கும் இடத்திலும் கை தானாகச் செய்கிற பழக்கமாகியிருக்கிறதா என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். தொழில் முனைவோரின் திறமை என்று நான் சொல்வது இதைத்தான். மேடையில் சொல்லப்படும் தைரியம், கனவு, விடாமுயற்சி எல்லாம் என் பேரேட்டில் எந்தப் பக்கத்திலும் தென்பட்டதில்லை. இருக்கலாம், எனக்குத் தெரிந்ததில்லை.

மரவேலைப் பட்டறை வைத்திருந்த ஒரு அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். கைவேலையில் அவரை அடிக்க ஆளில்லை. ஒரு பலகையில் எத்தனை துண்டு எடுக்கலாம், அறுப்பில் எவ்வளவு வீணாகும் என்பதைத் தாள் எடுக்காமலே சொல்வார். ஒருநாள் நான் மூலையில் உட்கார்ந்து வவுச்சர் அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு அலுவலகத்துக்கு மேஜைகள் செய்து தரச் சொல்லி ஒருவர் வந்தார். அடக்கம் நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் இருபத்தைந்து சதவீதம் போட்டு 125 என்று கொட்டேஷன் தயாராக இருந்தது. வந்தவர் பேரம் பேசுவதில் பழம் தின்று கொட்டை போட்டவர். "மொத்தமா எடுக்கிறோம், இருபது சதவீதம் குறைச்சுப் போடுங்க" என்றார். அண்ணன் ஒரு நொடி யோசித்தார். "சரி, உங்களுக்காக" என்று முடித்துவிட்டார்.

அவர் போனதும் என் பக்கம் திரும்பி, "இருபத்தஞ்சு வெச்சோம், இருபது விட்டோம், அஞ்சு நிக்கும்ல?" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் கால்குலேட்டரை அவர் பக்கம் நகர்த்தினேன். 125-ல் இருபது சதவீதம் 25. மீதி 100. அவர் நம்பாமல் அழித்துவிட்டு மறுபடி தட்டினார். அதே நூறு. ஏற்றியது அடக்கத்தின் மேல், இறக்கியது விற்பனை விலையிலிருந்து. இரண்டு சதவீதமும் வேறு வேறு தொகையின் மேல் நிற்கிறது என்று அவருக்கு விளக்க வேண்டிய அவசியமே இல்லை. தாளில் தனியாகக் கொடுத்திருந்தால் அவரே போட்டிருப்பார். எதிரே ஆள் உட்கார்ந்திருக்க, ஆர்டர் கைநழுவிவிடுமோ என்ற பதற்றத்தில் அந்தக் கணக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அந்த நூறே முழு நூறு இல்லை. அதில் மரம் இருந்தது, பிளைவுட் இருந்தது, ஆட்கள் கூலி இருந்தது. அவருடைய உழைப்புக்குக் கூலி இல்லை. ரம்பத்தின் தேய்மானம், வண்டி வாடகை, ஒரு மேஜையில் கீறல் விழுந்து மறுபடி பாலிஷ் போட வேண்டிவந்தால் ஆகும் செலவு, எதுவும் இல்லை. முதலுக்கே மோசம். 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது' என்ற பழமொழியைச் சொல்லியே பலர் கணக்குப் பார்ப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். உழக்கு மிஞ்சவில்லை என்பது முன்கூட்டியே தெரிந்தால் வேறு வயலாவது பார்க்கலாமே என்பது என் கட்சி.

அதற்கு நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு ரொம்பச் சாதாரணம். கொட்டேஷன் தயாராகும்போதே, முதல்நாள் சாயங்காலம், ஆள் யாரும் இல்லாத நேரத்தில், அலுவலகப் பிரதியின் மூலையில் சிவப்பு மையில் ஒரு எண் எழுதிவிடுவோம். அதற்குக் கீழே போவதில்லை. வாடிக்கையாளர் முன்னால் கணக்குப் போடுவதே கிடையாது. அவர் கேட்பது அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால், "நாளைக்குச் சொல்கிறேன் சார்." மேலே இருந்தாலும் சும்மா விட்டுக்கொடுப்பதில்லை, பதிலுக்கு ஒன்று கேட்பது. அட்வான்ஸ் கூடுதலாக வேண்டும், அல்லது டெலிவரிக்கு இன்னும் ஒரு வாரம் வேண்டும், அல்லது வண்டி அவர்கள் செலவு. வெறும் பத்து சதவீதம்தானே என்று தோன்றும். மேலே சொன்ன 125-ல் பத்து சதவீதம் விட்டால் விலை 112.50, லாபம் 25 இருந்த இடத்தில் 12.50. அதே லாபத்தைத் தொட இரண்டு மடங்கு மேஜை செய்ய வேண்டும். இரண்டு மடங்கு மேஜைக்கு இரண்டு மடங்கு மரம், ஆள், இடம், தலைவலி.

வீட்டுப் பணம், தொழில் பணம் விஷயத்துக்கு வருகிறேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. ஆனால் கல்லாப்பெட்டி மட்டும் ஒன்றாகத்தான் இருக்கும். தையல் யூனிட் நடத்தும் ஒரு அக்காவின் ரொக்கப் புத்தகத்தில் மாதா மாதம் இடிக்கும். விற்பனை நன்றாக இருக்கும், மாதக் கடைசியில் துணி வாங்கப் பணம் இருக்காது. வீட்டில் ஆளாளுக்கு அவசரத்துக்கு எடுப்பது, எழுதி வைக்க மறப்பது. நான் ஆரம்பத்தில் அவருக்கு முறையான இரட்டைப் பதிவு, அதாவது ஒவ்வொரு வரவு செலவையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதும் முறை, சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதமும் அதே கதை. பிறகு இரண்டு டப்பா வாங்கி வைத்தோம். ஒன்று தொழிலுக்கு, ஒன்று வீட்டுக்கு. மாதம் பிறந்ததும் அவருடைய சம்பளம் என்று ஒரு நிலையான தொகை முதல் டப்பாவிலிருந்து இரண்டாவதுக்குப் போகும். வீட்டுக்கு அவசரம் என்றால் இரண்டாவதில் கைவைக்கலாம். அதற்கும் மேல் வேண்டுமென்றால் கடன் சீட்டு எழுதி முதல் டப்பாவில் போட்டுவிட்டு எடுக்க வேண்டும். அந்தச் சீட்டு எழுதும் வெட்கத்திலேயே பாதி அவசரம் குறைந்துவிட்டது.

பின்னால் ஒரு ஆய்வைப் படித்தபோது சிரிப்பு வந்தது. டொமினிகன் குடியரசில் சிறுகடன் வாங்கும் குறுந்தொழில்காரர்களில் ஒரு பிரிவினருக்கு முறையான கணக்கியல் கற்றுக்கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு இப்படியான எளிய விதிகளை மட்டும் சொன்னார்கள், தொழில் பணத்தை வீட்டுப் பணத்தோடு கலக்காமல் தனியே வைப்பது மாதிரி. 2014-ல் வெளியான அந்த முடிவுகளின்படி, எளிய விதி கற்றவர்களின் நடைமுறையில் நல்ல மாற்றம் தெரிந்தது. முறையான கணக்கியல் படித்தவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. 1494-ல் இத்தாலியக் கணித அறிஞர் லூகா பாச்சோலி அச்சேற்றிய இரட்டைப் பதிவு முறை எனக்குச் சோறு போடுகிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தையல் மிஷினுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு டப்பாதான் கைகொடுக்கும்.

இனி வசூல். நான் பார்த்தவரை சிறு தொழில்களைப் படுக்க வைப்பதில் இதற்குத்தான் முதலிடம். நட்டத்தில் ஓடும் தொழில் மூடப்படுவது புரிகிறது. லாபத்தில் ஓடும் தொழில் மூடப்படுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் கஷ்டம்.

கணக்கு இப்படிப் போகும். காகிதம் வாங்கி அச்சடித்துக் கொடுக்க இருபது நாள். வாடிக்கையாளர் பணம் தர அறுபது நாள். காகிதக் கடைக்காரர் நமக்குக் கொடுக்கும் தவணை பதினைந்து நாள். இருபதும் அறுபதும் எண்பது, அதில் பதினைந்து போக அறுபத்தைந்து. அதாவது ஒவ்வொரு ஆர்டருக்கும் போட்ட பணம் அறுபத்தைந்து நாள் வெளியே சுற்றிவிட்டுத்தான் கைக்குத் திரும்புகிறது. இப்போது ஆர்டர் இரட்டிப்பானால் என்ன ஆகும்? ஊரே "தொழில் பிரமாதம்" என்று பாராட்டும் நேரத்தில், வெளியே சுற்றும் பணமும் இரட்டிப்பாகும். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? கைமாற்று, நகை, வட்டி. வளர்ச்சியே கழுத்தை நெரிப்பது இப்படித்தான். பயந்து ஆர்டரைக் குறைக்க வேண்டியதில்லை. அந்த அறுபதை நாற்பதாக்கினாலே பாதி மூச்சு வந்துவிடும். அதற்குப் பணத்தைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அச்சக முதலாளி ஒருவர் எனக்கு எதிரில் உட்கார்ந்து பாக்கி கேட்க போன் போட்டார். பாக்கி நான்கு மாதம் பழசு. எதிர்முனையில் எடுத்ததும் நலம் விசாரித்தார். பையன் எந்த வகுப்பு என்று கேட்டார். வெயிலைப் பற்றிப் பேசினார். அடுத்த ஆர்டர் எப்போது என்றுகூடக் கேட்டார். "வேற ஒண்ணும் இல்ல சார், சும்மாதான் கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னம்மா பண்றது, கேட்டா தப்பா நெனச்சுக்குவாங்க." இதில் அறிவுக் குறைவு எங்கே இருக்கிறது? எவ்வளவு பாக்கி, எத்தனை நாள் என்று எல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தது. வாயில்தான் வரவில்லை.

அவருக்கு வசூல் வகுப்பு எடுப்பதை நான் கைவிட்டேன். பில்லிங்கில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணிடம் அந்த வேலை போனது. அவளுக்கு அந்த வாடிக்கையாளரின் பையன் எந்த வகுப்பு என்று தெரியாது, அதுவே வசதி. அவள் செய்த முறையை இப்போது மற்ற இடங்களிலும் சொல்லிக் கொடுக்கிறேன். ஆர்டர் கொடுத்தவரை அவள் கூப்பிடுவதில்லை. பில்லைப் பாஸ் பண்ணும் ஆள் யார் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வாள். கெடு முடிந்த பிறகு இல்லை, கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே கூப்பிடுவாள். "சார், பில் உங்க கைக்கு வந்துடுச்சா? சரக்குல ஏதாவது குறை இருக்கா? அடுத்த வாரம் பணம் போடுறதுக்கு எங்க பக்கத்துல இருந்து ஏதாவது பேப்பர் வேணுமா?" இந்த மூன்று கேள்வியில் தாமதத்துக்கான வழக்கமான சாக்குகள் முக்கால்வாசி முன்கூட்டியே தீர்ந்துவிடும். 'ஆர்டர் நம்பர் இல்லை', 'ஒரு பண்டல் குறைந்தது', 'பில்லே வரவில்லை' என்பதையெல்லாம் அறுபதாம் நாளில் கேட்பதற்கும் இருபத்து மூன்றாம் நாளில் கேட்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! "சீக்கிரம் போட்டுடுறோம்" என்றால் விடமாட்டாள். "எந்தத் தேதின்னு குறிச்சுக்கட்டும் சார்?" என்பாள். சொன்ன தேதிக்கு மறுநாள் காலை மறுபடி போன். குரல் உயராது, சண்டை கிடையாது. முதலாளி பயந்த மாதிரி ஒரு வாடிக்கையாளரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. ஒருவர் போனார், அவர் வேறு மூன்று அச்சகத்திலும் பாக்கி வைத்திருந்தவர்.

திறமை முதலாளியின் உடம்பிலேயே இருந்தாக வேண்டுமா என்ற கேள்விக்கு நைஜீரியாவில் நடந்த ஒரு பரிசோதனையில் பதில் இருக்கிறது. சிறு நிறுவனங்கள் சிலவற்றின் முதலாளிகளுக்கு வகுப்பில் பயிற்சி. சிலவற்றுக்கு ஆலோசகர். சிலவற்றுக்குக் கணக்கோ விற்பனையோ தெரிந்த ஆளை வேலைக்கு வைத்துக்கொள்ள உதவி. சிலவற்றுக்கு அந்த வேலையை வெளியாளிடம் ஒப்படைக்க உதவி. 2022-ல் வெளியான முடிவில், ஆள் வைத்ததும் வெளியே கொடுத்ததும் வகுப்புப் பயிற்சியை விட நல்ல பலன் தந்தன. ஆலோசகர் தந்த பலனுக்கும் குறைவில்லை, செலவு மட்டும் கிட்டத்தட்டப் பாதி. வெளியாளாகக் கணக்கு எழுதும் என் பிழைப்புக்கு ரொம்பவே சாதகமான முடிவு என்பதால் இதைச் சந்தேகத்தோடுதான் படித்தேன். ஆனால் அச்சகத்தில் பார்த்ததும் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. வேலையை ஒப்படைக்கலாம், பார்ப்பதை ஒப்படைக்க முடியாது. வாரம் ஒருநாள், குறிப்பிட்ட நேரத்தில், ஒரே ஒரு தாளையாவது முதலாளி பார்க்க வேண்டும். முப்பது நாளுக்குள் உள்ள பாக்கி, முப்பதிலிருந்து அறுபது, அதற்கு மேல் என்று மூன்று பத்தி. அடியில் கையில் உள்ள ரொக்கம், இந்த வாரம் கொடுக்க வேண்டியது. பத்து நிமிட வேலை. 'நீ பார்த்துக்கோ' என்று முழுதாக விட்டுவிட்ட இரண்டு இடங்களில் பில்லிங் ஆளே பணத்தைச் சுருட்டிய கதையும் எனக்குத் தெரியும்.

தானாக ஒரு அடி முன்னே எடுத்து வைப்பது என்று ஒரு குணம் இருக்கிறதே, அது பிறவியில் வருவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டோகோ நாட்டில் 1,500 சிறு தொழில் முனைவோரை மூன்றாகப் பிரித்துச் செய்த ஆய்வு அந்த எண்ணத்தைக் கொஞ்சம் அசைத்தது. ஒரு குழுவுக்கு வழக்கமான வணிகப் பயிற்சி. ஒரு குழுவுக்கு முன்முயற்சிப் பயிற்சி: யாரும் சொல்லாமல் ஒன்றைத் தொடங்குவது, வரப்போகும் தடையை முன்கூட்டியே யோசிப்பது, முட்டினால் வேறு வழி தேடுவது. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. 2017-ல் வந்த முடிவில், முன்முயற்சி பழகியவர்களின் லாபம், எதுவும் பெறாதவர்களோடு ஒப்பிட 30 சதவீதம் கூடியிருந்தது. வழக்கமான பயிற்சிக்கு 11 சதவீதம், அதுவும் தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய அளவு.

அப்படி ஒரு ஏசி பழுது பார்ப்பவரை எனக்குத் தெரியும். ஆஃப் சீசனில் மற்றவர்கள் போன் வருமென்று காத்திருக்க, இவர் பழைய பில்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒருமுறை வந்து பிறகு வராத வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டார். விலைதான் காரணமாக இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். பலர் சொன்னது வேறு: பத்து மணிக்கு வருகிறேன் என்றால் இரண்டு மணிக்கு வருகிறீர்கள். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஏற்றுக்கொள்ளும் வேலையைக் குறைத்தார், தாமதமானால் அரை மணி முன்பே தகவல் சொல்லப் பழகினார். விளம்பரத்துக்கு ஒரு காசு கூடச் செலவழிக்கவில்லை.

திறமை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் தொழிலாளர் புள்ளியியல் துறைக் கணக்குப்படி, தொடங்கும் தொழில்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் வருடத்திலும், பாதி ஐந்து வருடத்துக்குள்ளும் மூடப்படுகின்றன. அவர்கள் எல்லாரும் திறமையற்றவர்கள் இல்லை. விற்பனையில் முக்கால்வாசியைக் கொடுத்துவந்த ஒரே வாடிக்கையாளர் திடீரென்று கடையைக் கட்டினால் சிவப்பு மை எண்ணும் டப்பாவும் என்ன செய்யும்? கொஞ்சம் நாள் தாங்கும், அவ்வளவுதான்.

எதை முதலில் பழகுவது என்று கேட்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் ஒரு பிரிவுக்கு விற்பனைப் பயிற்சியும் இன்னொன்றுக்கு நிதிப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்த 2018 ஆய்வில் இரண்டு பிரிவுக்கும் லாபம் கூடியது, ஆனால் வெவ்வேறு வழியில். விற்பனை கற்றவர்கள் வியாபாரத்தைப் பெருக்கினார்கள், நிதி கற்றவர்கள் செலவைச் சுருக்கினார்கள். வெளியுலகத் தொடர்பு குறைவாக இருந்தவர்களுக்கு விற்பனைப் பயிற்சியும், ஏற்கெனவே ஓரளவு நிலைத்திருந்தவர்களுக்கு நிதிப் பயிற்சியும் அதிகம் உதவின. அதனால் நான் வருகிறவரைப் பொறுத்துத்தான் சொல்கிறேன். ஆர்டரே இல்லாதவரிடம் கணக்குப் புத்தகத்தைத் திணிப்பதில்லை, விட்டுப்போன வாடிக்கையாளர்களின் பட்டியல் போடச் சொல்கிறேன். ஆர்டர் இருந்தும் மாதக் கடைசியில் கை வறண்டுபோகிறவர் என்றால் கேள்வியே இல்லை. சலானையும் பில் புத்தகத்தையும் எடுத்து வரச் சொல்லிவிட்டு, அன்றைக்கே நிலுவைப் பட்டியலில் முதல் போனைப் போட வைத்துத்தான் அனுப்புகிறேன்.